ஒரு சாண் ஆறு

என் பேத்திக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. அதற்குள் வீட்டில் அவளை வைத்துப் பஞ்சாயத்து நடக்கிறது. மூக்கு யாருடையது, காது யாருடையது என்று ஆளாளுக்குப் பங்கு கேட்கிறார்கள். மூக்கு என்னுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரல் எங்கள் குடும்பத்துக் குரல் இல்லை. பசித்து அழுதால் தெருமுனையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அது என் மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி, விட்டுப்போன சொத்து.

சம்பந்தி இப்போது இல்லை. பேத்திக்கு இரண்டு தாத்தா. ஒருவனை அவள் தினம் நாலு தடவை நனைக்கிறாள். இன்னொருவரைப் பற்றி யாராவது சொன்னால்தான் உண்டு. அவரோடு அதிக காலம் வேலை பார்த்தவன் நான். அதனால் நானே சொல்கிறேன்.

அவருக்கு ஊரில் மடைக்காரர் என்றுதான் பெயர். ஆற்றங்கரையில் ஒரு மாவு மில் இருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு கல் தடுப்பு. அதில் தேங்குகிற தண்ணீர் ஒரு வாய்க்காலில் இறங்கி மில் சுவரோரம் வரும். அங்கே மடை. மடைப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து பெரிய மரச் சக்கரத்தின் மேல் விழும். சக்கரம் சுற்றினால் மில்லுக்குள் தண்டு சுற்றும், தண்டு சுற்றினால் கல் சுற்றும், கல் சுற்றினால் மாவு. அந்தப் பலகையை எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது என்பதுதான் அவர் வேலை. அவருடைய அப்பாவும் அதே பலகையைத் தூக்கி இறக்கியே வயதானவர்.

மடைக்கு மேலேயே அவருக்கு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். மடை வேலை யாருக்கோ வீடு அவருக்கு என்பது மில்லின் வழக்கம். சன்னலைத் திறந்தால் நேர் கீழே சக்கரம். அது சுற்றும்போது வீடே நடுங்கும். அலமாரியில் காலையில் நடுவில் வைத்த டம்ளர் சாயங்காலம் ஓரத்துக்கு வந்திருக்கும். அண்ணி, அதாவது அவர் சம்சாரம், போகிற வாக்கில் அதைத் திரும்ப நடுவுக்குத் தள்ளிவிட்டுப் போவார். அந்தச் சத்தத்தில் குடித்தனம் நடத்தியதால் இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேசவே வராது. "குழம்புல உப்பு இருக்கா?" என்று அண்ணி கேட்டால் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், "இருக்காம் அண்ணி!" என்று சொல்வார்கள்.

தண்ணீரை நம்பி நடக்கிற மில்லுக்கு வருஷத்தில் இரண்டு கண்டம். கோடையில் ஆறு மெலிந்துவிடும், சக்கரம் நின்றுவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. வெள்ளம் வந்தாலும் சக்கரம் நிற்கும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. ஆறு ஏறினால் சக்கரத்தின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் முங்கிவிடும். முங்கிய சக்கரம் சேற்றில் மாட்டிய மாடு மாதிரி முக்கி முனகி நிற்கும். இல்லாவிட்டாலும் பட்டினி, இருந்தாலும் பட்டினி என்று மில் ஆட்கள் சிரித்துக்கொள்வார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு கோடையில், ஒரு பழைய நீராவி இன்ஜினோடு. முதலாளி அதை எங்கேயோ கைமாற்றி வாங்கி வந்திருந்தார். நெருப்புப் போடுகிற ஆள் நான். இன்ஜினை இறக்கி வைத்ததும் மடைக்காரர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த இரும்பு என்ன செய்யும்?"

"சக்கரத்துல விழுந்து கீழ போற தண்ணிய மறுபடி மேல தூக்கி வாய்க்கால்ல விடும்ணே."

"விட்டா?"

"மறுபடி சக்கரத்துல விழும்."

"விழுந்தா?"

"மறுபடி தூக்கும்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரைச்ச மாவையே அரைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஊத்துன தண்ணியையே ஊத்துறத இப்பதான்டா பாக்குறேன்!"

மில்லே சிரித்தது. ஆனால் அந்தக் கோடையில் சக்கரம் நிற்கவில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "நீராவி நீராவிங்கிறானுங்க. அது நம்ம சக்கரத்துக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குற வேலைக்காரி, தெரிஞ்சுக்கோ" என்று சொல்வார். என்னைக் கரிச்சட்டி என்று கூப்பிடுவார். நான் அவரைத் தவளை என்பேன். மத்தியானம் மட்டும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

வேலைக்காரி சீக்கிரமே வீட்டுக்காரி ஆகிவிட்டாள். அடுத்த சில வருஷங்களில் முதலாளி பெரிய பாய்லரும் புது இன்ஜினும் வாங்கிப் போட்டார். இது தண்ணீர் தூக்குகிற இன்ஜின் இல்லை. பெல்ட்டை மாட்டி நேராகத் தண்டையே சுற்றியது. கல் முன்னைவிட வேகமாக ஓடியது. வறட்சி, வெள்ளம் எதுவும் அதற்குக் கணக்கில்லை. சக்கரம் ஒத்தாசைக்கு மட்டும் சுற்றியது, பிறகு ஒத்தாசையும் வேண்டாம் என்று ஆனது.

மடைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. பாய்லருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. மடைக்குக் கீழே வாய்க்காலை ஒட்டி ஒரு தொட்டி கட்டியிருந்தோம். அதிலிருந்து ஒரு சின்னப் பம்பு பாய்லருக்குத் தண்ணீரைத் தள்ளும். இதில்தான் பழைய வேலைக்கும் புது வேலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சக்கரத்தின் காலத்தில் சாயங்காலம் மில் சங்கு ஊதினதும் மடையை இறுக்கி மூட வேண்டும். மூடினால்தான் மேலே தண்ணீர் சேரும், விடிந்ததும் சக்கரத்துக்குப் பலம் இருக்கும். பாய்லர் அப்படி இல்லை. சங்கு ஊதி ஆட்கள் போன பிறகும் உள்ளே கொதித்துக்கொண்டேதான் இருக்கும். காலையில் சட்டென்று நீராவி கிளம்ப வேண்டும் என்பதற்காக நெருப்பைச் சாம்பல் போட்டு மூடி உயிரோடு வைத்திருப்போம். அதனால் மடையை நாலு விரல் திறந்தே விடவேண்டும் என்று, இன்ஜினையும் பாய்லரையும் மாட்டிக் கொடுத்த பிட்டர் சொல்லியிருந்தார். மடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே அப்படித்தான் விட்டுவந்தார். "தண்ணி தூங்குற நேரத்துல தூங்கும். உன் நெருப்புக்குத்தான் தூக்கமும் கிடையாது, விவஸ்தையும் கிடையாது" என்பார்.

அவர் மடை மூடுகிற அழகைச் சொல்ல வேண்டும். பலகையை இறக்கிவிட்டு, ஒரு கூடைத் தவிட்டை மேல்பக்கத் தண்ணீரில் தூவுவார். கசிகிற தண்ணீரோடு தவிடும் இழுபட்டுப் போய் இடுக்குகளில் அடைத்துக்கொண்டு ஊறி உப்பிவிடும். பிறகு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. கீழ்ப்பக்கம் போய் நின்று உள்ளங்கையால் பலகையைத் தடவி, காய்ந்த கையை எங்களுக்குத் தூக்கிக் காட்டுவார்.

ஒருநாள் மத்தியானம் முதலாளி மடைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சக்கரத்தக் கழட்டப் போறோம்ப்பா. ஆத்துலேருந்து நேரா தொட்டிக்குக் குழாய் போட்டுடலாம்னு பிட்டர் சொல்றாரு. மடைக்கு இனிமே வேலை இல்ல. வீட்டையும் பாத்துக்க. அந்த எடத்துல கரி கொட்டணும்."

அப்போது அண்ணி மாசமாக இருந்தார். ரொம்ப வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மேலே சன்னலில் ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றதை நான் பாய்லர் அறை வாசலில் இருந்து பார்த்தேன். மடைக்காரர் தலையை ஆட்டினார். முதலாளி போனபிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. ஆட்கள் கிளம்பினார்கள். நான் நெருப்பை மூடி, மிச்ச வேலைகளை முடித்துவிட்டுத் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தேன். பாய்லர் முகத்தில் செங்குத்தாக நிற்கிற ஒரு கண்ணாடிக் குழாய் அது. ஒரு சாண் நீளம் இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அந்த மட்டத்துக்கு அதிலும் நிற்கும். தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பம்பைத் திறந்தேன். பம்பு ஓடியது, ஆனால் சத்தம் சரியில்லை. பாரம் இல்லாத வண்டி பள்ளத்தில் ஓடுகிற மாதிரி கடகடவென்று வெறுமனே அடித்தது. வெளியே ஓடித் தொட்டியை எட்டிப் பார்த்தால், பகலில் இழுத்தது போக அடிச்சேறுதான் மிச்சம் இருந்தது.

"அண்ணே! மட! மடையத் தொறங்க!"

சன்னலில் தலை தெரிந்தது. முகத்தில் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மனசு அன்றைக்கு எங்கேயோ இருந்திருக்கிறது. சங்குச் சத்தம் கேட்டதும் கை தன்பாட்டுக்குப் பழைய வழியில் போய்ப் பலகையை அடிவரை இறக்கித் தவிட்டையும் தூவிவிட்டு வந்திருக்கிறது.

ஓடிவந்து பலகையைத் தூக்கப் பார்த்தார். தவிடு ஊறி இறுகி, பலகை அசையவில்லை. அசைந்தாலும் பிரயோசனம் இல்லை. தொட்டி நிரம்புகிற நேரத்துக்குள் பாய்லர் காய்ந்துவிடும். காய்ந்து பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீரை விட்டால் பாய்லர் வெடிக்கும், மில் சுவரும் அவர் வீடும் கூடவே போகும். ஒரே வழிதான் உண்டு. நெருப்பை வெளியே இழுத்துப்போட வேண்டும்.

கதவைத் திறந்து நீளக் கொக்கிக் கம்பியால் கரியை இழுத்தேன். எரிகிற கரி காலடியில் வந்து குவிந்தது. ஒரு ஆளுக்கு ஆகிற காரியம் இல்லை. திரும்பிப் பார்த்தால், நெருப்பு என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர், இன்னொரு கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

"எங்கிட்டு இழுக்கணும்? சொல்லுடா!"

"உங்க பக்கம்ணே! கால், கால் பாத்து!"

"கால் கெடக்குது, நீ இழு!"

மேலே இருந்து அண்ணி, "என்ன ஆச்சு? என்னங்க ஆச்சு?" என்று கத்த, "எறங்கித் தெருவுக்குப் போடி! கேக்காத, போ!" என்று இவர் கத்த, எங்களைச் சுற்றி ஒரே புகை. கடைசிக் கரியும் வெளியே வந்தபோது அவருக்கு ஒரு பக்கத்துப் புருவம் இல்லை. கண்ணாடியில் தண்ணீர், இதற்குக் கீழே போனால் ஆபத்து என்று கீறியிருந்த அடிக்கோட்டுக்குப் போய் நின்றிருந்தது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம். அவர் கரிந்த புருவத்தைத் தடவிக்கொண்டு, "வேலைதான் போச்சுன்னு நெனச்சேன் தம்பி. வீட்டோட எல்லாரையும் அனுப்பப் பாத்துட்டேன்" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மில் ஓடவில்லை. நெருப்பை இழந்த பாய்லரைச் சோதித்து, தண்ணீர் நிரப்பி, மறுபடி சூடாக்க நேரம் பிடிக்கும். தானிய வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. முதலாளி பிட்டரோடு வந்தார்.

"தொட்டியில ஏன் தண்ணி இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மடைக்காரர் முன்னுக்கு வந்துவிட்டார். "நான் மூடிட்டேன் முதலாளி."

"நாலு வெரல் விடணும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே மூடுனியா?"

"கை மூடிருச்சு."

முதலாளி முகம் மாறியது. "நேத்து மத்தியானம் வீட்டக் காலி பண்ணச் சொன்னேன். நேத்து சாயங்காலமே கை மூடிருச்சாக்கும்? பழி வாங்குறியா?"

வேலை போனாலும் வேறு வேலை தேடலாம். மில்லை வெடிக்கவிடப் பார்த்தவன் என்ற பெயரோடு போனால் எந்த வாசலில் போய் நிற்பது?

சன்னலில் இருந்து அண்ணி பேசினார். அவர் பேசினால் அக்கரைக்கும் சேர்த்துத்தான்.

"முதலாளி! அந்த மனுசனுக்குப் பழி வாங்கத் தெரியாது! தெரிஞ்சிருந்தா நான் வெக்கிற குழம்புக்கு மொதல்ல என்னைத்தான் பழி வாங்கியிருப்பாரு!"

வண்டிக்காரர்கள் பக்கம் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். அண்ணி அதோடு விடவில்லை.

"அவரு பழி வாங்குறவரா இருந்தா, கரிய இழுத்துப் போட எதுக்கு ஓடி வரணும்? நானும் வயித்துப் பிள்ளையும் மேலதான இருந்தோம்? அந்தப் புருவத்தப் பாருங்க! கல்யாணத்தன்னிக்கு ரெண்டு இருந்துச்சு!"

முதலாளி அந்தப் புருவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னப்பா, நெசமா?"

"ஆமா முதலாளி. அண்ணன் வரலேன்னா என் ஒருத்தனால ஆகியிருக்காது."

பிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குழாய் போட்டாலும் இந்தக் கவலை தீராதுங்க. சங்கு ஊதின பெறகு கண்ணாடியப் பாக்க ஒரு ஆள் வேணும். பகல் முழுக்க நெருப்புல நிக்கிறவனே அதையும் பாக்க முடியாது. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அப்புறம் என்ன?" என்றார் அண்ணி மேலேயிருந்து. "காலம் பூரா தண்ணியப் பாத்தவருக்கு அந்தத் தண்ணியப் பாக்கத் தெரியாதா? பாய்லரப் பாக்குறவரு பாய்லருக்குப் பக்கத்துலதான் குடியிருக்கணும்! கரிய அந்தாண்ட கொட்டுங்க!"

முதலாளி பெருமூச்சு விட்டார். "ஏம்ப்பா, நீ என்ன சொல்ற?"

"எனக்கு வேண்டாம்" என்றார் மடைக்காரர்.

அண்ணி சன்னலைப் படார் என்று சாத்தினார். பிறகு திறந்தார்.

"நெருப்புக்கு முன்னாடி ஒக்காந்து எனக்குப் பழக்கம் இல்ல. ஆத்தப் பாத்தே வளந்தவன். ஒரு இரும்பு அண்டாவப் பாத்துக்கிட்டு..." என்று மடைக்காரர் இழுத்தார். கண் சக்கரத்தின் பக்கமே இருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துப் பாய்லர் அறைக்குள் கூட்டிப்போனேன். விடியற்காலையிலேயே போட்ட புது நெருப்பு பிடித்து நீராவி ஏறிக்கொண்டிருந்த நேரம். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். நெருப்புக்குப் பயந்து அதுவரை அந்த அறைக்குள் வராதவர், முதல் நாள் புகையிலும் அதைக் கவனித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தார். குழாய்க்குள் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது ஏன் ஆடுது?"

"உள்ள கொதிக்குதுல்ல. ஆடுனா நல்லதுண்ணே. ஆடாம நின்னா எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம்."

"அழுக்கு வந்தா?"

"நொரைக்கும். மட்டம் பொய் சொல்லும்."

"வெள்ளத்தப்ப வாய்க்காலும் அப்படித்தான் பொய் சொல்லும்" என்றார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். விரலை அதன்மேல் வைக்கப்போய், சூடு என்று எடுத்துக்கொண்டார். "ரொம்ப எறங்குனா?"

"நேத்து பாத்தீங்களே."

"ரொம்ப ஏறுனா?"

"தண்ணி இன்ஜினுக்குள்ள போயிரும். அதுவும் கெடுதல்."

"வறட்சியும் ஆகாது, வெள்ளமும் ஆகாது." தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். "அடப்பாவி. ஆத்தப் புடிச்சு ஒரு சாண் குழாய்க்குள்ள போட்டு வெச்சிருக்கீங்களேடா."

அன்று சாயங்காலமே மூங்கில் முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் தெருவைத் தாண்டுகிற வரைக்கும், "நாலு வெரல் எறங்கிருச்சு, பம்பு தொறக்கவா?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

வீடு அவர்களுக்கே நின்றது. என் மருமகள் அந்த அறையில்தான் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பிப்பதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆரம்பத்தில் அண்ணிக்குத் தூக்கமே வரவில்லையாம். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்ததாம், அதைப் பார்க்கவே ஏதோ மாதிரி இருந்ததாம். ஆனால் குரல் இரண்டு பேருக்கும் இறங்கவே இல்லை. நடுங்காத, சத்தம் இல்லாத அந்த வீட்டில் அவர்கள் சக்கரத்துக்கு மேலே பேசுகிற மாதிரியே பேசினார்கள். குழந்தையும் அப்படியே பேசக் கற்றுக்கொண்டது.

அவர் பார்த்த காலம் முழுக்கக் கண்ணாடியில் தண்ணீர் ஒருநாளும் அடிக்கோட்டுக்கு வந்ததில்லை. என் தலையும் அவர் தலையும் அந்த அறையிலேயே நரைத்தன. எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அந்த முக்காலிக்குப் பக்கத்தில்தான். "சம்பந்தின்னு கூப்பிடணுமாம்ல?" என்றார். "வாய்ல வர மாட்டேங்குது. கரிச்சட்டின்னே வெச்சுக்குவோம்."

கடைசியில் கம்பம் நட்டு மின்சாரம் வந்தது. முதலாளியின் மகன் மோட்டார் வாங்கிப் போட்டார். எங்களுக்கும் வயதாகியிருந்தது, வருத்தப்படப் பெரிதாக ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிற வரைக்கும் மடை வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று அந்தத் தம்பியே வந்து சொல்லிவிட்டார். மோட்டார் மாட்ட வந்த பையன் வயரை முறுக்கிக்கொண்டிருந்தான். மடைக்காரர் பக்கத்தில் போய் நின்று, இன்ஜினை முதலில் சுற்றிப் பார்த்த மாதிரியே அதையும் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குத் தண்ணி எங்க ஊத்தணும்?"

"இதுக்குத் தண்ணியே ஆகாது பெரியவரே."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் ஆகாது. பட்டா ஷாக் அடிக்கும்."

"கேட்டியா?" என்றார் என்னைப் பார்த்து. "அப்ப எனக்கு இங்க சோலி இல்ல."

அன்றைக்கு நானும் அவரும் கடைசியாக நெருப்பை அணைத்தோம். அவ்வளவு பெரிய இரும்பு சட்டென்று ஆறாது. பிறகு சில நாள் அவர் காலையில் இறங்கி வருவார். உள்ளே போய்ப் பாய்லரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் இரும்பு முழுக்க ஆறியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னக் குழாயைத் திறந்து, அந்த ஒரு சாண் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, வெளியே கொண்டுபோய் வாய்க்காலில் ஊற்றிவிட்டு வந்தார்.